சோடா மூடியில் மிச்சக் கலவை

“கம்பியும் இல்ல, கோடும் இல்ல. இதுல எந்த எடம்னு பாத்து விரல வைப்ப, தங்கச்சி? ஒரு நூல் தள்ளி வெச்சாலும் பிழைச்சது எல்லாருக்கும் கேட்டுருமே.”

பழைய போர்வையில் சுற்றி நான் கொண்டுபோயிருந்த கிட்டார்க் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அக்கா இப்படித்தான் கேட்டார். அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. பேஸ் கிட்டாரின் கழுத்தில், விரல் வைக்கும் இடங்களைக் காட்டுவதற்காகக் குறுக்கே மெல்லிய உலோகக் கம்பிகள் பதித்திருப்பார்கள். என்னுடையதில் அவை இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தேன். குறுக்குக் கம்பி இல்லாத பேஸ் ஒன்றைக் கைபேசியில் ஒருமுறை கேட்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு யாரோ பாடுவதைப் போல, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும். அந்த ஓசை எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த மாதங்கள் அவை. எங்கள் வீட்டில் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். பரீட்சை மண்டபம் வரைக்கும் போன முதல் ஆள் நான். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்துத் தேவாலயப் பாடல் குழுவில் ஒரு கீபோர்ட் மட்டும்தான் உண்டு. பேஸ் நானே செய்துகொண்டு வருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உடலுக்குப் பலாப் பலகை. விரல் பலகைக்குக் கித்துல் என்கிற கூந்தற்பனை. கருப்பு வரிகளோடு பார்க்க அழகான, உறுதியான மரம்தான். ஆனால் நார் நாரானது. உருக்குத் தந்தி மேலே உரசி உரசி ஓடினால் நார் கிளம்பிவிடும். கண்ணாடி போலக் கெட்டியான ஒரு பூச்சு அதன்மேல் வேண்டும். அதற்காகத்தான் கஹவத்தைக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பைபர் பட்டறை இருந்தது. த்ரீவீலுக்கு பம்பர், தண்ணீர்த் தாங்கி, ஹோட்டல்களுக்குப் பளபளக்கும் பலா மேசை எல்லாம் செய்வார்கள். முதலாளி சிங்களவர். உள்ளே ஜன்னலோரத்தில், பூச்சுக்கான ரெசின் பிசினைக் கலக்கும் மேசை ஒன்று இருந்தது. அது அக்காவின் இடம். அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். சொந்தத்தில் எனக்கு ஒன்றும் ஆக மாட்டார். ஆனால் அந்தப் பட்டறையில் முதலாளி தவிர எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்கும்.

பட்டறைக்குள் காலடி வைத்த முதல் நாளே அவருடைய குரலைக் கேட்டுவிட்டேன், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால்.

“மகே வெரத்த, முதலாளி!”

என் பிழை என்று சிங்களத்தில் ஒரு கத்தல். பம்பர் ஒன்றில் ஒரு மூலை மெலிந்துபோயிருந்ததாம். யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை. முன்பக்கத்திலிருந்து முதலாளி சலிப்போடு “ஹரி, ஹரி”, சரி சரி என்றார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. மழை பெய்வதைப் போல அது அங்கே வழக்கமான சத்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார். “அவளா? அவ எங்க மலையில பால் வெட்டுனவ, புள்ள. அப்பவே அப்பிடித்தான்.”

ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கத்தி பட்டையைத் தாண்டி உள்மரத்தில் பட்டால் அது காயம். கங்காணி கண்டால் பெயரை எழுதிக்கொள்வார். அதனால் காயம் பட்டதும் ஒரு பிடி மண்ணை அப்பி மூடிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதுதான் எல்லோரும் செய்வது. அம்மாவும் செய்திருக்கிறார். அக்கா மட்டும் மரத்தடியில் நின்று கங்காணியைக் கூவி அழைத்தாராம்.

“இங்கிட்டு வாங்க கங்காணி, மரத்தக் காயப்படுத்திட்டேன்!”

“ஏம்மா, நான் பாத்திருக்கவே மாட்டேனே. நீயே சொன்னதுக்கு அப்புறம் எழுதாம இருக்க ஏலுமா?”

“எழுதுங்க. எழுதிட்டுக் காயத்துல பூசத் தாரக் கொண்டாங்க. மண்ண அப்புனா உள்ளுக்க அழுகிரும்.”

அன்றைக்கு அக்காவின் பெயரை எழுதிய கையோடு கங்காணி அந்த வரிசை முழுவதையும் நின்று நின்று பார்த்திருக்கிறார். மண் அப்பிய மரங்கள் எல்லாம் பிடிபட்டன. அம்மாவின் மரம் உட்பட. “அன்னைக்கு அவ மேல எனக்கு வந்த கோவம்!” என்று சொல்லி அம்மா மறுபடியும் சிரித்தார். “ஆனா ஒண்ணு. அந்தக் கழுத, அடுத்தவ மரத்த ஒருநாளும் காட்டிக் கொடுத்ததில்ல.”

அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் முக்கியமானது அம்மா சொன்ன இந்தக் கடைசி வாக்கியம். தன் பிழை என்றால் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். அடுத்தவர் பிழை என்றால் வாயே திறக்க மாட்டார். அது நல்ல குணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சங்கடம். பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு காதுகுத்துக்கு ரசம் வைத்தவர் அக்கா. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்ததும் நடுவில் வந்து நின்று, “ரசத்துல உப்பு கூடிப்போச்சு, நான்தான் போட்டேன், கொஞ்சமா ஊத்திக்கிங்க” என்று அறிவித்தாராம். சொல்லாதிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று அந்த வீட்டு அம்மாவுக்கு இன்றைக்கும் மனத்தாங்கல் இருக்கிறது.

என் வேலைக்குக் கூலியாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரெசின் டப்பாவோடு வரும் ஆங்கிலத் தாளை வாசித்துச் சொல்ல வேண்டும்.

“மூணு வருசமா இதக் கலக்குறேன். இதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னும் தெரியாது.”

வாசித்தேன். ரெசின் இரண்டு பங்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் ஒரு பங்கு. மெதுவாகக் கிண்ட வேண்டும். பாத்திரத்தின் ஓரங்களையும் வழித்துச் சேர்க்க வேண்டும். காயும்வரை ஈரம் படாத, இளஞ்சூடான இடத்தில் வைக்க வேண்டும். எல்லாமே அவர் கையாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தவைதான். ஒவ்வொன்றுக்கும் “பாத்தியா, பாத்தியா” என்று குழந்தைபோல மகிழ்ந்தார். டப்பாவை வெயிலில் வைக்கக் கூடாது என்ற இடம் வந்தது. அவருடைய டப்பா ஜன்னலோர வெயிலில்தான் இருந்தது. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் “மகே வெரத்த, முதலாளி!” என்று கத்திவிட்டு, டப்பாவைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தார். பிறகு என் கன்னத்தைத் தட்டி, “படிச்ச புள்ளன்னா இப்பிடியில்ல இருக்கணும்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன்.

அக்கா பூச்சு ஊற்றுவதைப் பார்க்கும்போது மூச்சுவிடவே பயமாக இருக்கும். முதலில் மெல்லிய ஒரு பூச்சு, கித்துல் நாருக்கு நடுவில் ஒளிந்திருக்கும் காற்றை அடைப்பதற்கு. அது இறுகிய பிறகு தேய்த்துவிட்டு இன்னொன்று. பக்கங்களில் டேப் ஒட்டி, கழுத்தை மட்டப்பலகை வைத்துச் சரிபார்த்து, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, நடுவில் ஒரே கோடாக ஊற்றுவார். பழைய கைபேசி ரீலோட் அட்டை ஒன்றால் அதை ஓரம்வரை இழுப்பார். கிளம்பும் குமிழிகளின் மேல் லைட்டர் சுடரை நிறுத்தாமல் ஓட்டுவார். அவை ஒவ்வொன்றாகக் கண் மூடும்.

கடைசியில், கிண்ணத்தில் மிஞ்சியதில் ஒரு துளியைச் சோடா மூடி ஒன்றில் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். எந்த வேலையின் மிச்சம் என்று தெரிய, மூடியின் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு குறி போடுவார். என் மூடிக்குப் பக்கத்தில் ஒரு வட்டமும் அதில் ஒரு கோடும் போட்டார். அதுதான் கிட்டார்.

“இது எதுக்கு அக்கா?”

“மூடியில இறுகலன்னா மரத்துலயும் இறுகாது. கலவ பிழையா இல்லையான்னு இதப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்.”

மூன்றாவது பூச்சை ஒரு வியாழக்கிழமை ஊற்றினார். மறுநாள் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, பட்டறை பூட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் அறுவடைப் பெருவிழா. நான் வாசிப்பேன் என்று ஆறு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன். சனிக்கிழமை பின்னேரமே தந்தி பூட்டியாக வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அக்கா யோசித்து, தூசி படாமல் கழுத்தை மூடி வைத்திருந்த பெட்டியோடு அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

“மேசையில வெச்சிடு. சனிக்கெழம பின்னேரம் வரைக்கும் பெட்டியத் தொறக்கப்படாது. தொடவும் படாது.”

லயத்து வீட்டில் மழைக்காலத்தில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து ஓரத்தை விரலால் தொட்டேன். ஒட்டியது. இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. ஈரம் படாத, இளஞ்சூடான இடம் என்று தாளில் வாசித்தது நினைவுக்கு வந்தது. அப்படி ஓர் இடம் எங்கள் தோட்டத்தில் இருந்தது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் புகைக்கூடம். அங்கே அடுப்பைப் பார்ப்பவர் என் அப்பா. மழை பிடித்தால் எங்கள் ஆட்கள் பள்ளிச் சீருடையைக்கூட அங்கே கொண்டுபோய்க் காயவைத்ததுண்டு.

அப்பா கழுத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். “இது ரப்பர் ஷீட் இல்லையே புள்ள.”

“தாள்ல போட்டிருக்குப்பா. நான் வாசிச்சேன்.”

படிக்காத மனிதர் அதற்குமேல் என்ன சொல்வார்? கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலையில் எடுத்தபோது என் விரல் பலகை கருவாட்டைப் போல இருந்தது. ஒட்டும் பதத்தில் இருந்த பூச்சு ராத்திரி முழுவதும் கரியைப் பிடித்து இழுத்திருந்தது. சூட்டில் மேல்தோல் சுருங்கி, உள்ளே தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தது. கரியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். சுருக்கமும் கலங்கலும் போகவில்லை. அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

“ஒட்டிக்கிட்டே இருக்கு அக்கா. இறுகவே இல்ல.”

இவ்வளவுதான் சொன்னேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அக்கா கழுத்தை வாங்கிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“மகே வெரத்த, முதலாளி! இந்தப் புள்ளட சாமானக் கெடுத்துட்டேன். கலவ பிழைச்சிருக்கு!”

வழக்கமான “ஹரி, ஹரி” வரவில்லை. முதலாளி எழுந்து உள்ளே வந்தார். திங்கட்கிழமை ஹோட்டல் ஒன்றுக்கு ஆறு மேசைகளுக்குப் பூச்சு ஊற்ற வேண்டியிருந்தது. அதுவும் அதே டப்பாவில் இருந்து. கழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், இதைப் போல அந்த மேசைகளும் ஆனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். இன்றிலிருந்து ரெசினைத் தொடாதே, தேய்க்கிற பக்கம் போ என்றார்.

இரண்டு வருடம் தேய்க்கிற பக்கத்தில் தூசி குடித்துவிட்டுத்தான் அக்கா அந்த ஜன்னலோர மேசைக்கு வந்திருந்தார். எனக்கு அது தெரியும், அவரே சொல்லியிருக்கிறார். “ஹரி முதலாளி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து மேசையில் வைத்தார். கிண்ணங்களை அடுக்கினார். ஜன்னல் விளிம்பிலிருந்த மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வட்டமும் கோடும் போட்ட இடத்துக்கு வந்ததும் கை நின்றது. மூடிக்குள் நகத்தால் தட்டினார்.

டக்.

கண்ணாடியில் தட்டியதைப் போல இருந்தது அந்தச் சத்தம். கலவையில் ஒரு பிழையும் இல்லை.

அவர் திரும்பி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தேய்க்கிற மேசைக்குப் போய், என் கழுத்தைக் கிடத்தி, தண்ணீர் தெளித்து, சேண்ட் பேப்பரால் தேய்க்கத் தொடங்கினார். பழுப்புத் தண்ணீர் ஓடியது. தேய்க்கத் தேய்க்கச் சூடு ஏறி அந்த வாசனை கிளம்பியது. புகைக்கூடத்து ரப்பர் புகை. அப்பாவின் சட்டையில், எங்கள் தலையணையில், என் பள்ளிக்கூடப் பையில் வாழ்நாள் முழுக்க இருந்த வாசனை. பால் வெட்டி வளர்ந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? விரலை மூக்கருகே ஒருமுறை கொண்டுபோனார். பிறகு மூடியை எடுத்து மேசையில் நான் நின்ற பக்கத்து ஓரத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.

ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் நான் இன்னொரு பொய் சொல்லித் தப்பியிருப்பேன். அவர் கேட்கவேயில்லை. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சும்மா நின்றால் போதும், எல்லாம் அப்படியே முடிந்துவிடும். அவர் தேய்க்கிற பக்கத்திலேயே இருந்துவிடுவார். என்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மூடியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“மகே வெரத்த, முதலாளி.”

“என்ன நங்கி?” என்றார். சிங்களத்தில் தங்கச்சி.

போயா நாள், பெட்டி, புகைக்கூடம், மண்ணெண்ணெய்த் துணி எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்லி முடித்து மூடியை அவர் மேசையில் வைத்தேன். முதலாளி மூடிக்குள் தட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே பார்த்தார்.

“ரப்பர் காயவைக்கிற புகைக்கூடத்திலா?” என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முப்பது வருசம் கடை நடத்துறேன். ஒரு பிழைக்கு ஒரு ஆள் வந்து நின்னதே அபூர்வம். இன்னைக்கு ஒரே பிழைக்கு ரெண்டு பேர் வரிசையில நிக்கிறீங்க!” பிறகு உள்பக்கம் திரும்பி, கையுறையைப் போட்டுக்கொள்ளும்படி கத்தினார்.

நான் அக்காவிடம் திரும்பி வந்தேன். அவர் கையுறைக்குள் விரலை நுழைத்தபடியே சொன்னார்.

“இங்க வரைக்கும் கேக்கல. அடுத்த தடவ கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”

பிறகு, “அப்பா என்ன சொன்னாரு, அத உள்ள வைக்கக்குள்ள?” என்றார்.

“இது ரப்பர் ஷீட் இல்லன்னு சொன்னாரு.”

“அப்ப அவருகிட்டயும் ஒருக்கா சொல்லிரு.”

அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, “புகைக்கூடத்தப் பத்தி மட்டும் எங்கிட்ட கேளு புள்ள. மத்ததெல்லாம் நீ படிச்சுக்க” என்றார். ஞாயிற்றுக்கிழமை பாடல் குழுவிடமும் சொன்னேன். பெருவிழா கீபோர்ட்டோடு நடந்தது.

அக்கா கழுத்தை வெறும் மரம்வரை தேய்த்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை காயவைப்பதற்குத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். கோழிக்குஞ்சுகளைச் சூட்டில் வைக்க அவர் வீட்டில் பல்ப் மாட்டிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. குஞ்சுகளைக் கூடைக்கு மாற்றி, பெட்டியைக் கழுவித் துடைத்து, என் கழுத்தை உள்ளே வைத்தார். மூன்றாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவர் குரல் கேட்டது.

“தங்கச்சி, என் பிழை! குஞ்சு மசிரு ஒண்ணு மாட்டிக்கிச்சு!”

கடைசிப் பூச்சுக்குள், தேன் நிறக் கித்துலுக்கு மேலே, மஞ்சள் தூவி ஒன்று வளைந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் பளிங்கு. குனிந்தால் என் முகம் தெரிந்தது. தேய்த்து எடுத்துவிட்டு இன்னொன்று ஊற்றுகிறேன் என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். தந்தி பூட்டிப் பார்த்தபோது அந்தத் தூவி, கழுத்தின் நடுவில் நான் அடிக்கடி தேடும் சுரத்துக்கு ஒரு நூல் மேலே இருந்தது. சரியான இடத்தில்கூட இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கீழே விரலை வைத்தால் போதும், மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும்.

தேவாலயத்தில் நான் முதன்முதலாக வாசித்த அன்று, இந்துக் கோயிலுக்குப் போகிற அக்கா கடைசி வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாட்டில் என் விரல் தள்ளிப்போனது. ஆறேழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், அந்த ஆறேழு பேருக்கும் கேட்கும்படி, “ரெண்டாவது பாட்டுல நான் பிழைச்சுட்டேன் அக்கா” என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “கேட்டுச்சு, கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு.”

எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த வருடம் அவர் நீர்கொழும்புப் பக்கம் பைபர் படகு கட்டும் இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். கைபேசி எண்ணும் மாறிவிட்டது. படகில் ஓர் ஓரம் மெலிந்தால் அது கடலில்தான் தெரியும். அக்கா ரெசின் கலக்கிய படகு என்றால் அதற்கு முன்பே கரையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்கு நான் நன்றி என்று வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பார்.

நான் இப்போது தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் மூன்றாம் வருடம். இந்த விடுமுறையில் இரத்தினபுரியில் இசைக்குழு ஒன்றில் வாசிக்கும் ஒருவருக்காக ஒரு பேஸ் செய்துகொண்டிருக்கிறேன். நான் பிறருக்காகச் செய்யும் முதலாவது. குறுக்குக் கம்பி இல்லை, கித்துல் பலகை. பூச்சு நானே ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை எடுக்க வருகிறார். ஜன்னல் விளிம்பிலிருக்கும் சோடா மூடியை இன்று காலையில் தட்டிப் பார்த்தேன். டக் என்றது. பிறகு கழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, மூன்றாவது தந்தி ஓடும் இடத்துக்கு அடியில் எள்ளளவு குமிழி ஒன்று. லைட்டரை ஓட்டும்போது அவசரப்பட்டிருக்கிறேன். தந்தி பூட்டிவிட்டால் அது கண்ணில் படாது. வாசித்தாலும் பல மாதத்துக்குத் தெரியாது.

வாங்குபவரைக் கைபேசியில் அழைத்துப் பேசிவிட்டேன். குமிழி இருக்கிறது, பிழை என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றேன். அடுப்படியில் இருந்த அம்மா, “ஏன் புள்ள இப்பிடிக் கத்துற?” என்று எட்டிப் பார்த்தார்.

இதை எழுதும்போது விரல் பலகை வெறும் மரமாக மேசையில் கிடக்கிறது. பக்கங்களில் டேப் ஒட்டியாகிவிட்டது.